மேலே ஆடுகிற கை

அன்புள்ள பரமசிவம் அண்ணாவுக்கு,

சன்னலெல்லாம் சாத்திய மேல்மாடத்தில், இலை அசையாத பட்டப்பகலில், ஒரு கூரை மரம் ஏன் ஆட வேண்டும்? மற்றபடி இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் சுகம். பெர்த்தில் நீங்களும் அண்ணியும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே தேக்கா கடைவீட்டுக் கூரையைப் பலப்படுத்த ஸ்ரீநாத் என்ற தச்சரை அமர்த்தினேன். போன தடவை அடித்த சுமாத்திராச் சூறைக்காற்றில் எதிர்வீட்டு ஓடுகள் நடுரோட்டுக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தும் மருதப்பன் சித்தப்பா கூரைக்கு நேர் கீழேதான் கட்டில் போட்டுப் படுக்கிறார், என் தோ பாயோ வீட்டுக்கு வரச் சொன்னால் லிஃப்ட் பிடிக்காது என்கிறார், ஆகவே அவரைக் கிளப்புவதைவிடக் கூரையைக் கட்டுவது சுலபம் என்று நினைத்தது என் முதல் தவறு. நேற்று ஏறிப் பார்த்த ஸ்ரீநாத் இன்று போன் செய்தபோது அதை ஸ்பீக்கரில் போட்டது இரண்டாவது.

"மேல ஒரு கை ஆடுதுக்கா. இறுக்கிக் கட்டலன்னா நாளைக்கு வர்ற காத்துல கீழ இறங்கிடும்."

கூரை ஓடுகளைத் தாங்கும் கைமரத்தைத்தான் தச்சர்கள் சுருக்கமாகக் கை என்கிறார்கள். சித்தப்பாவுக்கு அது தெரியாது. எழுபத்திரண்டு வயதில் ஏணியில் ஏறி மேல்மாடக் கதவைப் பூட்டிவிட்டு வந்தார். மரத்தோட கைதான் சித்தப்பா என்றேன்.

"மரத்துக்கு ஏதுலா கை? யாரோட கைன்னு அவன் சொல்லல பாத்தியா?"

கட்டினால் அதற்குக் கோபம் வரும், சும்மா ஆடிவிட்டுப் போகட்டும் என்கிறார். நாளைக்குக் காற்று வரும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது, அத்தனை ஓடும் அவர் தலையில்தான் விழும், நான் கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். கடைசியில் சாவியை நீட்டி, நீயே போய்த் தொட்டுப் பார், மரம்னா அவனை விடறேன் என்றார். படித்தவள் பயப்படலாமா? போன் வெளிச்சத்தில் ஏறினேன். பின்பக்கக் கோடியில் தட்டுகிற சத்தம். குனிந்து குனிந்து அதுவரை போனேன், உண்மையாகவே ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வலது கையால் பிடித்தேன். உடனே நின்றது. ஓடு கொதிக்கிற வெயிலில் அது சில்லென்றிருந்தது, நிழல்பட்ட மரம் அப்படித்தான் இருக்கும். பழக்கப்பட்டதுபோல என் பிடிக்குள் அடங்கியது. மரம்தான் சித்தப்பா என்று அங்கிருந்தே குரல் கொடுத்தேன். ஒத்துக்கொண்டார்.

வர்ஷாவுக்கு அத்தையின் ஆசி, அண்ணிக்கு என் அன்பு. நீங்கள் கவலையின்றித் தூங்குங்கள்.

தங்கை,
நிரஞ்சனா

பி.கு.: அனுப்புவதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். விடிந்ததும் ஸ்ரீநாத் வந்து குறுக்குச் சட்டங்கள் அடித்தார். எட்டு மணிக்குக் காற்று வந்தது. ஓர் ஓடுகூட நகரவில்லை. சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டார். பின்பக்கம் ஆடியதை நன்றாகக் கட்டினீர்களா என்று ஸ்ரீநாத்திடம் கேட்டேன்.

"ஆடினது முன்பக்கம், ரோட்டோரமாக்கா. பின்பக்கம் கையே கிடையாது. அங்க ஓடே இல்ல, சிமெண்டுத் தளம். நீங்க எதைப் பிடிச்சீங்க?"

சித்தப்பா மெல்லுவதை நிறுத்திவிட்டு என் வலது கையைப் பார்த்தார். இந்தப் பின்குறிப்பை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.