கம்பெனிக்குப் போகாதவர்

"இதுக்குப் போயி கம்பெனிக்காரன்கிட்ட நிக்கவா?" என்று கேட்கும் ஓர் இனம் நம் நாட்டில் உண்டு. குன்னத்துகால் பக்கம் கொஞ்சம் கூடுதல். பழுது பார்ப்பவன் கள்ளன், கம்பெனிக்காரன் பெருங்கள்ளன் என்பது இவர்கள் வேதம். ரேடியோவைத் திறப்பார்கள், கடிகாரத்தைத் திறப்பார்கள், தண்ணீர் மோட்டாரைத் திறந்து அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக் காட்டுவார்கள், மூடுவதுதான் வராது. கையில் ஒரு ஸ்குரூடிரைவர் இருந்துவிட்டால் நமக்கெல்லாம் எவ்வளவு தைரியம்!

சுந்தரதாஸ் இதில் மூத்த உறுப்பினர். தொண்ணூற்றெட்டில் ரிமோட் சாவி வைத்த பழைய கார் ஒன்று வாங்கினார். தம்பி மகள் லிஜிக்குக் கல்யாணம் வந்ததும், "பிள்ள என் வண்டியிலதான் சர்ச்சுக்குப் போவும்" என்று சொல்லி, பேசிவைத்த டாக்ஸியையும் வேண்டாமென்றார். கல்யாணத்தன்று காலையில், நல்ல நாளாயிற்றே என்று ரிமோட்டைப் பிளந்து புது பேட்டரி போட்டார். ரிமோட்டுக்குக் கார் மறந்துபோயிற்று. அடையாளம் தெரியாத ரிமோட்டுக்கு எஞ்சினும் கிளம்பவில்லை.

அசருவாரா? துபாயிலிருந்து மைத்துனன் எலியா ஃபோனில் சொன்ன வித்தை கைவசம் இருந்தது. கதவையெல்லாம் மூடி, சாவியை மளமளவென்று நாலைந்து தடவை திருப்பி, உடனே ரிமோட்டை அமுக்க வேண்டும். ரிமோட்டை மறுபடி அடையாளம் கண்டுகொண்டால் கார் ஹாரன் அடித்துப் பதில் சொல்லும். தாமதித்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டார் எல்லோரும் முன்னே போயாயிற்று. பின்சீட்டில் வெள்ளைச் சேலையும் பூச்செண்டுமாக லிஜி. முன்னால் மனைவி ஞானபாய். சுந்தரதாஸ் சாவியைத் திருப்பினார். ஞானபாய் கண்ணை மூடினாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே..."

அந்த வீட்டில் சாவி திரும்பினால் ஜெபம். ஜெபம் தொடங்கினால் ஓட்டுகிறவர் எதையும் தொடாமல் கைகூப்பியிருக்க வேண்டும். நான்கு சக்கரத்துக்காகவும், பாறசாலை வளைவுக்காகவும், எதிரே வரும் லாரிக்காரர்களின் நல்ல புத்திக்காகவும் மன்றாடி அவள் ஆமென் சொல்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. மறுபடி திருப்பினார். மறுபடி ஸ்தோத்திரம்.

"எத்தற தடவ திருப்புதிய?" என்றாள் ஞானபாய்.

"எஞ்சின் சூடாவணும் ஆக்கும்."

"திருப்புனா ஜெபிக்காண்டாமா?"

ரிமோட் கேடாகிவிட்டது, கொஞ்சம் சும்மா இரு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் 'கேடாகிவிட்டது' என்ற சொல்லை நம் இனத்தவர் வாயிலிருந்து இதுவரை யாராவது கேட்டதுண்டா?

சர்ச்சில் மணி அடித்தது. லிஜிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெரியப்பா, நான் ஜீப்பில போறேன்."

பிரியாணிச் செம்பை, அதாவது பெரிய அண்டாவை, ஏற்ற வந்த பக்கத்து வீட்டு ராஜதாஸின் ஜீப்பில், செம்புக்குப் பக்கத்தில் மணப்பெண் ஏறினாள். ஞானபாயும் ஏறினாள். சுந்தரதாசுக்கு நெஞ்சு வலித்தது. அந்தப் பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனவர் அவர்.

தனியாக உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஜெபிக்க ஆளில்லை. அமுக்கினார். கார் கம்பீரமாக ஹாரன் அடித்தது. கேட்க முற்றத்தில் ஒரு கோழிகூட இல்லை.

பறந்துபோய்ச் சர்ச் வாசலில் இறங்கியபோது தாலி கட்டி, பாட்டும் முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"நீங்க இல்லாமலே கட்டியாச்சு பெரியப்பா," என்று லிஜி அழுதாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"கம்பெனிக்குப் போவாமலே சரியாக்கியாச்சு மக்கா!" என்றுதான் வந்தது.

பாவம் மனுஷன் என்று சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் மேசை இழுப்பறையில், எதிலிருந்து கழன்றது என்று தெரியாத இரண்டு திருகாணி கிடக்கிறதே, வீட்டில் யாரும் பார்ப்பதற்குள் அதை எடுத்து வேறெங்காவது வைத்துவிடுங்கள்.