விலை கேட்காத ரேட்டுக்காரர்

பாரிஸில் அரைக் கிலோ வெண்ணெய் என்ன விலை என்பது பாரிஸ்காரர்களுக்கே சில நாள் மறந்துபோகலாம். திருப்பூர் நல்லூரில் அயர்ன் டேபிளுக்குப் பின்னால் நின்ற ரேட்டுக்காரருக்கு மறக்காது. இத்தனைக்கும் சொந்த ஊரான குன்னத்தூரையும் திருப்பூரையும் விட்டால் அவர் பார்த்த வெளியூர் ஈரோடு ஒன்றுதான்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தீப்பெட்டி ஆபீஸ், கிணற்று வேலை, பரோட்டாக் கடை என்று சுற்றிவிட்டு, மாற்றுச் சட்டை ஒன்றோடு அவர் வேலை செய்த பனியன் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன். நாற்பது பேர் வேலை செய்த சின்ன இடம். எனக்கு பேக்கிங்கில் வேலை, மாடியில் படுக்கை. அதற்கு முந்தின மாதம் பஸ் ஸ்டாண்டில் படுத்தவனுக்கு அது போதும்.

எல்லாம் ஒரு விலைச்சீட்டில் ஆரம்பித்தது. பிரான்ஸுக்குப் போகும் குழந்தைச் சட்டைகளில், அங்கே கடையில் விற்கும் விலையை இங்கேயே அச்சடித்து மாட்டி அனுப்புவோம். அயர்ன் மாஸ்டராக இருந்த ரேட்டுக்காரர் ஒரு நாள் அந்தச் சீட்டை உற்றுப் பார்த்தார்.

"இத்தனை காசு குடுத்து இதை ஆருங்க வாங்கறாங்க?"

அந்த ஆளைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று போனில் தேடினார். கிடைத்தது ஒரு டி.வி. போட்டி. அமெரிக்காக்காரன் ஆரம்பித்ததை பிரெஞ்சுக்காரன் தன் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டது. ஒரு சாமானைக் காட்டுவார்கள். விலையை ஊகித்துச் சொல்ல வேண்டும். ஒட்டி வருகிறவருக்குப் பரிசு. ஆனால் உண்மை விலைக்கு மேலே ஒரு காசு போனாலும் தோல்வி. கூடியிருக்கிற ஜனம் "ப்ளூஸ்!" என்று கத்தினால் இன்னும் கூட்டு என்று பொருள். "முவான்!" என்றால் குறை.

"வாஷிங் மிஷின் ஜெயிச்சதுக்கு அழுவறாங்க கண்ணு, அந்தம்மா. ஊட்ல ஒண்ணு இல்லாமயா இருக்கும்? அப்பறம் எதுக்கு அழுவறாங்க?"

அதற்கு விடை தேடியே மாதக்கணக்கில் பார்த்தார். ஒரு கையில் அயர்ன் பாக்ஸ், மேஜை மேல் போன். பாஷை வரவில்லை. எண்கள் மட்டும் படிந்துவிட்டன.

"எம்பதுக்கு நாலு இருபதுங்கறான். தொண்ணூறுன்னா நாலு இருபது பத்தாமா."

"சில்லறை எண்ணி வாங்குறதுக்குள்ள பஸ் போயிருமேண்ணே."

"அதுக்குத்தான் அவனுக ட்ரெயினு உட்டிருக்கானுக" என்றார், சிரிக்காமல்.

பார்ப்பதோடு நின்றிருக்கலாம். கடைத்தெருவையே போட்டியாக்கிவிட்டார். எந்தக் கடையிலும் விலை கேட்க மாட்டார்; கடைக்காரர் வாயைத் திறந்தால் கையால் பொத்தப் போவார். தானே ஒரு விலை சொல்வார்; ரேட்டுக்காரர் என்ற பெயர் அப்படி ஒட்டியதுதான். ஒரு தடவை குக்கர் வாங்கப் போனோம். ஆயிரத்து இருநூற்று நாற்பது என்றார். கடைக்காரர் முகம் மலர்ந்தது.

"அவ்வளவு இல்லீங்க. ஆயரத்தி எரநூறுதானுங்க!"

"அப்ப நான் தோத்துட்டனுங்க. கண்ணு, வா போலாம்."

"ஏனுங்க, வெல கம்மிதானுங்க! எடுத்துட்டுப் போங்க!"

"அது ஞாயமில்லீங்க."

மூன்று வாரம் அவர் மனைவி பானையில் பருப்பு வேக வைத்தார்.

அப்போதுதான் கம்பெனி படுக்க ஆரம்பித்தது. "பிரான்ஸ் பார்ட்டி நாளைக்கு வர்றாங்க. இந்த ஆர்டர் வல்லீன்னா அடுத்த மாசம் மிஷினெல்லாம் வித்துருவேன்" என்று முதலாளி எங்களிடம் உடைத்துச் சொல்லிவிட்டார். நான் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கண்ணாடி அறையில் பேரம். வந்தது ஒரு அம்மாவும் உதவிக்கு ஒரு பையனும். நான் அட்டைப் பெட்டி தூக்கிக்கொண்டு நின்றேன். ரேட்டுக்காரர் தேய்த்த சாம்பிள் சட்டையை ஹேங்கரில் பிடித்துக்கொண்டு நின்றார். உருப்படிக்கு மூன்று யூரோ கேட்டார் முதலாளி. அந்த அம்மா இரண்டு அறுபதில் நின்றார். இரண்டு எழுபதுக்குக் கீழே போனால் கைக்காசு போகும். அந்த அம்மா பையன் பக்கம் திரும்பி பிரெஞ்சில் என்னவோ சொன்னார். எனக்குப் பக்கத்தில் ஹேங்கர் ஆடியது.

முதலாளி பெருமூச்சு விட்டு, "ஓகே மேடம்..." என்று வாயெடுத்தார்.

"ப்ளூஸ்!"

எல்லோரும் திரும்பினார்கள். ரேட்டுக்காரர் ஹேங்கரோடு இரண்டு கையையும் மேலே தூக்கி, "ப்ளூஸ்! ப்ளூஸ்!" என்று கத்தினார்.

அந்த அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருடைய தாயார் தினமும் பார்த்த போட்டியாம். "அப்படியானால் விலையை இவரே சொல்லட்டும்" என்றார் இங்கிலீஷில்.

"சொல்லுங்க மாஸ்டர்!" என்றார் முதலாளி.

"நான் சொல்லக் கூடாதுங்க. எதுவரைக்கும் போலாம்னு இந்தம்மா அந்தத் தம்பிகிட்டச் சொன்னது என்ற காதுல உழுந்துருச்சு. சீட்டைப் பாத்தவன் ஆடக் கூடாதுங்க. கூட்டத்துல நின்னு கத்தலாம், அவ்வளவுதான்."

"சாமீ! நாப்பது ஊட்டுச் சோறுங்க!"

"ஞாயம்னு ஒண்ணு இருக்குதுங்களே."

என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். முதலாளி வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தார். அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒரு தாளில் விலையை எழுதி, போட்டியில் காட்டுவது மாதிரி ரேட்டுக்காரர் பக்கம் திருப்பினார்.

ரேட்டுக்காரர் எழுத்துக் கூட்டுவதுபோல் படித்தார். "ரெண்டு... நாலு இருபது பத்து. காதுல உழுந்தது இதேதானுங்க."

இரண்டு தொண்ணூறு. கம்பெனி பிழைத்தது. போனஸுக்குப் பதிலாக அவர் வேண்டியது ஒன்றுதான்: அந்த வாஷிங் மிஷின் கேள்வியை முதலாளி அந்த அம்மாவிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். அந்த அம்மா நன்றாக யோசித்துவிட்டு, தெரியவில்லை என்றார்.

"அவங்களுக்கே தெரீலியாமா கண்ணு!" ஒரு வாரம் அதைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்றரை வருஷம் அங்கே இருந்தேன். எனக்கு அது அதிகம். பிறகு கால் அரித்தது. ஊட்டியில் ஒரு ஓட்டலில் வேலை என்றேன். பஸ் ஏற்றிவிட வந்தவர், வழியில் என்னை ஒரு கடைக்குள் இழுத்துப் போய் ஒரு ஸ்வெட்டரை எடுத்தார். நான் அவர் வாயைப் பார்த்தேன்.

"ஏனுங்க, இது என்ன வெலைங்க?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

ஐந்நூற்று ஐம்பது. எண்ணிக் கொடுத்தார். வெளியே வந்ததும், "ஏண்ணே, ஆடலையா?" என்றேன்.

"மனசுக்குள்ள அறநூறுன்னு போட்டேன். வாயத் தொறந்திருந்தா நீ குளுருல போயிருக்கோணும்."

ஸ்வெட்டர் கழுத்துப் பக்கம் நூல் பிரிந்துவிட்டது. என்ன விலை இருக்கும் என்று யாராவது ஊகித்துச் சொன்னால், எந்த எண்ணுக்கும் நான் "ப்ளூஸ்" என்றுதான் சொல்கிறேன்.