அடியில் கிடந்த பாட்டு

ஒரு பாட்டைக் கேட்பதற்கு முன்னால் பாடுகிறவரை வெளியே அனுப்பிவிடும் ஒரே மனிதர், அல்லிநகரம் டும்டும் சார்தான்.

உரக்கடை வைத்திருந்தார். அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். பழைய இங்கிலீஷ் ராக் பாட்டு என்றால் அவருக்கு உயிர். முழுப் பாட்டு மட்டும் ஆகாது. லேப்டாப்பில் குரலைக் கழற்றுவார், டிரம்ஸைக் கழற்றுவார், அடியில் டும்டும் என்று ஒலிக்கும் பேஸ் கிட்டாரை மட்டும் மிச்சம் வைத்து பீரோ உயர ஸ்பீக்கரில் விடுவார். விளைவுகள் மூன்று: என் தம்ளர்கள் அலமாரியில் இடம் மாறின, பல்லிகள் வீட்டைக் காலி செய்தன, தெரு அவருக்குப் பெயர் வைத்தது.

"மீதிப் பாட்டு எங்கே சார்?" என்று ஒருநாள் இறங்கிப் போய்க் கேட்டேன்.

"அதத்தான் ஊரே கேக்குதேம்மா. இவன யாரு கேக்குறா? இந்தா, இங்கன ஒரு சறுக்கு சறுக்குறான் பாரு. பாடுறவனுக்கே தெரிஞ்சிருக்காது." அடுத்து லீட் கிட்டாரைத் தனியாக விட்டார். "கம்பியில வெரல் உரசுது, கேக்குதா?"

கேட்டது. ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் மகள் செல்வியைப் பெண் பார்க்க சுருளிப்பட்டியிலிருந்து வருவதாக இருந்தது. பையனைச் செல்விக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் முன்பு வந்த இரண்டு வரன்கள், "பொண்ணு தங்கம், அப்பாதான் கொஞ்சம்..." என்று நெற்றியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போயிருந்தன.

"அப்பா, இன்னிக்கு ஒரு டும் கேட்டுச்சு, அப்புறம் ஒங்ககூடப் பேசவே மாட்டேன்."

அவள் சொல்லி முடிக்கும்போதே கரண்ட் போனது. "கடவுளே நிப்பாட்டிட்டாரு" என்றாள். ஸ்பீக்கர்தான் நின்றது, லேப்டாப் பேட்டரியில் அதே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஒத்தாசைக்கு நானும் கீழே இருந்தேன். செல்வி கேசரித் தட்டை நீட்டும்போது கரண்டும் வந்தது.

டும். டும்டும்.

தட்டு நடுங்கியது. செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

திராட்சைத் தோட்டம் வைத்திருந்த மாப்பிள்ளையின் அப்பா துள்ளி எழுந்தார். "ஆத்தாடி, மோட்டார் காத்து இழுக்குது. உள்ள காயிலு கருகிரும்ய்யா" என்றபடி ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

"மோட்டார் இல்லங்க, பாட்டு" என்றார் சார், ஈனக்குரலில்.

"பாட்டா? யாருமே பாடலையே."

சார் மகளைப் பார்த்தார். "போட்டுக் காட்டுங்கப்பா. இனிமே என்ன இருக்கு" என்றாள் செல்வி.

சார் மெயினைத் திரும்பப் போட்டார். முதலில் பேஸ் மட்டும். பிறகு முழுப் பாட்டு.

"இப்ப அந்த மோட்டார் எங்கன போச்சு?"

"அங்கனயேதான் இருக்கு. கேளுங்க."

பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் கால் கட்டைவிரல் தரையைத் தட்டத் தொடங்கியது. "இருக்குய்யா. அடியில கெடந்துகிட்டு இதுல்ல எல்லாத்தையும் இழுத்துட்டுப் போகுது."

சாரின் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா கேசரியை எடுத்துக்கொண்டார். "எங்க வீட்டு ஆளுக்கும் ஒரு சோடி கெடச்சிருச்சு. தேதியப் பாருங்க."

செல்வி விட்ட மூச்சில் ஃபேன் கரண்ட் இல்லாமலே சுற்றியிருக்கும்.

இப்போது வேறு ஊரில், சத்தமே இல்லாத ஒரு மாடியில் இருக்கிறேன். தம்ளர்கள் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. இந்த வீட்டில் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.