கட்டையண்ணன் இல்லாத பஸ்

பிரேக் என்ற சாதனத்தைப் பரம விரோதியாகக் கருதிய மனிதர் உலகத்திலேயே எங்கள் கட்டையண்ணன் ஒருவர்தான். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகும் பஸ்ஸில் அவருக்கு வேலை. சரிவில் வண்டி நிற்பதற்குள் பின் ஏணியிலிருந்து குதித்து, சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகிவிடுவார். இல்லாவிட்டால் அந்தப் பழைய பஸ் பின்னோக்கியே ஊர் போய்ச் சேரும்.

கையில் இருப்பதோ கட்டை, கண்ணில் படுவதெல்லாம் சக்கரம். நாயுடுபுரத்தில் ஒரு மிஷன் அம்மாள் நிறுத்தியிருந்த குழந்தை வண்டிக்கும் முட்டுக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார். வீட்டில் கட்டில் கால் நாலுக்கும் கட்டை. மனைவி கேட்டதற்கு, நம்ம வீடு சரிவில்தானே இருக்கிறது என்றாராம்.

முதலாளி புது பஸ் வாங்கினார். கைப்பிடியை இழுத்தால் அடித்து வைத்த ஆணி மாதிரி நிற்கும். இனிமேல் கட்டைக்கு ஆள் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிந்தால் கண்டக்டர் ஆக்கலாம் என்றார். அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த தகுதியில் மீசை முளைத்ததுமே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்துவிட்ட நான், சிலேட்டும் கையுமாக அவரோடு மல்லுக்கட்டினேன்.

“பஸ்ஸப் புடிச்சு நிறுத்துன கை தம்பி, இந்த எழுத்து நிக்க மாட்டேங்குது” என்றார்.

கடைசியில் புது பஸ்ஸைச் செங்குத்தான வளைவில் நிறுத்தச் சொல்லி, கட்டையோடு பக்கத்தில் நின்று பார்த்தார். வண்டி அசையவில்லை. நேரே முதலாளியிடம் போய், “அருமையான வண்டிங்க. இதுக்கு நான் தேவையில்ல” என்று தானே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?

மறுநாள் பூம்பாறைக்காரர்கள் ஏறினார்கள். பின் ஏணியைப் பார்த்தார்கள். மூட்டை முடிச்சோடு இறங்கிவிட்டார்கள். படித்தவன் நீ எடுத்துச் சொல் என்றார் முதலாளி. இரும்பு, விசை, கைப்பிடி என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்ட பூண்டு வியாபாரி ஒருவர், “சரி தம்பி, அவரு இல்லாம நீங்க ஏறுவீங்களா?” என்றார்.

நான் டிக்கெட் கட்டைச் சரிபார்க்க ஆரம்பித்தேன்.

முதலாளி காலி பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உடனே அண்ணனைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். வந்தவராவது சும்மா இருந்தாரா? பிரேக் நல்ல பிரேக், நான் வீண் செலவு என்று பயணிகளிடம் சத்தியம் செய்தார்.

“அதெல்லாம் சரிண்ணே, வெரசா ஏறி உக்காருங்க. சோலி கெடக்கு” என்றார் பூண்டு வியாபாரி.

பஸ் நிறைந்தது. அண்ணனுக்குப் பழைய சம்பளமே நிலைத்தது.

இத்தனை வருஷமும் ஏணியில் தொங்கியவருக்குப் பின் சீட்டில் ஜன்னலோரம் கிடைத்தது. இரண்டாவது வளைவு வருவதற்குள் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார். எதிர்த்து வருகிற லாரிக்கும் கேட்கும் குறட்டை. கண்டக்டர் எழுப்பப் போனால், கவுண்டரை மூடிவிட்டு அதே பஸ்ஸில் வீடு திரும்பும் நான்தான் தடுப்பேன். அந்தச் சத்தம் பின்னால் கேட்கிறவரைக்கும் எனக்கு எந்த மலையிலும் பயம் வந்ததில்லை.