கம்பியரும் நாற்பத்திரண்டு அங்குல மார்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் குளிர் என்றால் என்னவென்று சரியாக அறிந்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் நல்லூரில் சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிறவர். தார் றோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் சித்திரை வெயிலில், சாரமும் கையில்லாத கம்பளிச் சுவெற்றருமாக, கழுத்துவரை பொத்தான் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அவியேல்லையோ அண்ணை?" என்று கேட்டால், "உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதெல்லோ" என்பார். இளமையில் நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஸ்ரோர் கீப்பராக இருந்து, குளிருக்குப் பயந்து தானாகவே பின்னல் பழகியவர்.

ஊரில் அவருக்குக் கம்பியர் என்று பெயர். முகத்துக்கு நேரே கம்பியண்ணை. எல்லாச் சாமானுக்கும் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. பின்னல் ஊசிக்கு எங்கே போவது? கம்பியர் சைக்கிளை உரித்தார். மெல்லிய வேலைக்குச் சில்லுக் கம்பி, சுவெற்றருக்குக் கரியர்க் கம்பி. நுனியைச் சீமெந்துக் கட்டில் தேய்த்துக் கூராக்கி, மறுமுனையில் வால்வு மூடியைப் பூட்டிவிட்டால் ஊசி தயார்.

அவரிடம் ஒட்டுப் போடப் போவது பொறுமைக்கு ஒரு சோதனை. ரியூப்பில் சொலூசன் பூசிவிட்டு, அது காயுமட்டும் இரண்டு வரி பின்னுவார். சொலூசன் காய்ந்துவிடும். வரி முடியாது. நான் அப்போது ரியூசன் கொட்டிலொன்றில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

"கம்பியண்ணை, எனக்கு வகுப்பிருக்கு."

"வரி முடியாமல் எழும்பினால் கண்ணி கழண்டு போகும் மாஸ்ரர். உங்கடை பொடியள் கழண்டு போனால் நாளைக்கும் வருவாங்கள்."

அவருடைய கொட்டில் வாசலில், காற்றடிக்கும் பம்புக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் சணல் கயிறு கட்டிய கொப்பி ஒன்று தொங்கும். பின்னலில் சந்தேகம் வந்தவர்கள் அதில் கேள்வி எழுதிவிட்டுப் போவார்கள். தெரிந்தவர்கள் விடை எழுதுவார்கள். ஆனால் சொந்தப் பெயர் எழுதக்கூடாது என்பது கம்பியரின் சட்டம். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வெக்கையில் ஒரு வீட்டில் சுவெற்றர் பின்னினால் அந்த வீட்டில் ஓராள் வெளிநாடு போகிறார் என்று அர்த்தம். போகமுன்னர் வெளியே தெரிந்தால் கண்ணூறு, நாவூறு பட்டுவிடும். போகாமல் திரும்பி வந்தாலோ வெட்கம். ஆகவே எல்லோரும் புனைபெயரில்தான் எழுதினார்கள்.

"நீர்வேலி வாழைப்பொத்தி: கழுத்து இறுக்கம். தலை போகுதில்லை. என்ன செய்ய?"

"பருத்தித்துறைச் சூடை: தலையைச் சின்னனாக்கேலாது. கழுத்தைக் குலைச்சுப் பின்னும்."

கீழே தச்சுப் பென்சிலால் கம்பியரின் தீர்ப்பு: "சூடை சொன்னது சரி."

ஒட்டுக் காயும்வரை நானும் இதையெல்லாம் வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான். என் சிரிப்பு நின்றது, ஒரு நாள் என் சைக்கிள் கரியரில் இரண்டு கம்பிகள் காணாமற் போனபோது. கள்ளனைத் தேடி ஒழுங்கை முழுக்க அலைந்து, களைத்து வீட்டுக்கு வந்தால், கம்பிகள் இரண்டும் என் மனைவி சறோவின் கையில் இருக்கின்றன. லண்டன் மாமி அனுப்பிய சால்வையைக் குலைத்த நூலில் என்னவோ வளர்ந்துகொண்டிருக்கிறது.

"ஆருக்குச் சறோ?"

"ஒராளுக்கு."

"எந்த ஒராளுக்கு?"

"இஞ்சாருங்கோ, ரியூசனுக்கு நேரம் போகேல்லையோ உங்களுக்கு?"

கலியாணம் முடித்து இரண்டு வருடம். அந்த 'ஒராளுக்கு' என் வயிற்றில் போய்க் குந்திக்கொண்டது. வகுப்பில் பத்தில் மூன்றைக் கழித்து எட்டு என்று எழுதினேன். மாணவர்களும் எட்டு என்று எழுதிக்கொண்டார்கள்.

அன்று பின்னேரமே கொப்பியைப் புரட்டினேன். 'நல்லூர் மைனா' என்ற பெயரில் சறோவின் குண்டு குண்டான எழுத்து. "மார்பு 42. எத்தினை கண்ணியோடை தொடங்கிறது?" நான் மூச்சை அடக்கி நிமிர்ந்தாலும் என் மார்பு முப்பத்திரண்டு. மிச்சப் பத்து அங்குலமும் யாருடையது? அதற்குக் கீழே கம்பியரின் பென்சில் எழுத்து. "மைனா, அவசரப்படாதை. நே 2, ம 2. இதை மனசிலை வைச்சிரு."

கணக்கு மாஸ்ரருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? 'நே' என்றால் நேசம். 'ம' என்றால் மனம். இரண்டு நேசம், இரண்டு மனம். சமன்பாடு சமப்படுகிறது, எனக்கு மட்டும் அதில் இடமில்லை. நேர்க்கண்ணி, மறுகண்ணி என்று பின்னல் உலகத்தில் இரண்டு சங்கதி உண்டென்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அடுத்த நாள் கம்பியரை நன்றாகப் பார்த்தேன். மனிதருக்குப் பம்படித்துப் பம்படித்து நெஞ்சு பீப்பா மாதிரி. நிச்சயப்படுத்தாமல் ஒருவரைச் சந்தேகிப்பது பிழை என்று நினைத்து, அவர் குனிந்து பின்னிக்கொண்டிருந்த நேரம், கிடந்த பழைய ரியூப்பொன்றை எடுத்து மெல்லப் பின்னால் போய் அவருடைய மார்பைச் சுற்றிப் பிடித்தேன்.

அவர் திரும்பவில்லை. "என்ன மாஸ்ரர், எனக்குக் காத்தடிக்கப் போறியளோ?"

"இல்லை அண்ணை, ரியூப் எவ்வளவு இழுபடுமெண்டு..."

பிடித்த இடத்தில் அடையாளம் போட்ட ரியூப்பை வீட்டில் அடிமட்டம் வைத்து அளந்தேன். நாற்பத்திரண்டு. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "என்னப்பா, கறி சரியில்லையோ?" என்று சறோ கேட்டாள். "கறி நல்லாத்தான் இருக்கு" என்றேன், தியாகியின் குரலில்.

பிறகு கம்பியருக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் கொட்டில் திறக்கவில்லை. கொப்பி மட்டும் வழமைபோல் ஆணியில் தொங்கியது. அதில் மைனாவின் புதிய கேள்வி. "வலக்கை தடிச்ச நூலிலை 100 வரி வந்தது. இப்ப அந்த நூல் முடிஞ்சுது. இடக்கைக்கு மெல்லிசு நூல். எத்தினை வரி போடவேணும்? கெதியாச் சொல்லுங்கோ."

எனக்குள் இருந்த சாத்தான் பேனையைத் திறந்தான். 'கொழும்புக் கோகிலா' என்று ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு, எழுத்துத் தெரியாமலிருக்க இடது கையால், 154 வரி என்று எழுதினேன். நூலின் மொத்தத்தைப் பார்த்து நான் போட்ட கணக்கில் சரியான விடை 126; இதில் நாலங்குலம் கூட வரும். அந்தப் பீப்பா நெஞ்சர் குரங்கு மாதிரி ஒரு கை நீண்டு தொங்க நிற்பதை நினைத்து, இரண்டு கையையும் விட்டுவிட்டு வீடுவரை சைக்கிள் ஓடினேன்.

சறோ பின்னினாள். நான் பக்கத்தில் இருந்து, "வடிவாப் பின்னுறீர்" என்று உற்சாகப்படுத்தினேன்.

ஒரு வாரம் கழித்து, ஒரு பின்னேரம், அவள் ஒரு கடிதத்தையும் சுவெற்றரையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எழும்புங்கோ. போட்டுப் பாருங்கோ."

"நானோ?"

"வேறை ஆர்? அண்ணா கனடாவிலை எல்லாம் சரிப்படுத்திப் போட்டார். நாளையண்டைக்கு நீங்கள் கொழும்புக்கு வெளிக்கிட வேணும். முந்தியே சொன்னால் உங்களுக்கு வயித்தாலை போகும், ஊருக்கும் சொல்லிப்போடுவியள். அதுதான் சொல்லேல்லை."

அவள் சொன்னது எவ்வளவு சரியென்று என் வயிறு அந்த இடத்திலேயே நிரூபித்தது. திரும்பி வந்து போட்டேன். வலக்கை மணிக்கட்டோடு நின்றது. இடக்கை விரல்களையும் விழுங்கிக்கொண்டு கீழே தொங்கியது.

சறோ முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். எத்தனை பின்னேரம் பின்னியது. நூலுமில்லை, நாளுமில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "ஆரந்தக் கோகிலா? எனக்கு இண்டைக்குத் தெரியவேணும்."

அவள் முன்னாலும், சுவெற்றரோடு நான் பின்னாலுமாகக் கம்பியரிடம் போனோம். அவள் அழுத அழுகைக்குக் காரணம் நான்தான் என்று தெரிந்தால், கனடாவுக்குப் போகிறவனுக்குத் திரும்பி வர வீடு இருக்காது.

கம்பியர் கொப்பியை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பக்கத்தைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் கண்டேன். இடது கையால் எழுதிய அறிவாளி, கடைசியில் பழக்க தோஷத்தில் 'விடை: 154' என்று எழுதி, அதற்குக் கீழே அடிமட்டம் வைத்ததுபோல் இரண்டு கோடும் இழுத்திருந்தேன். நல்லூரில் விடைக்கு இரண்டு கோடு போடாத பொடியனுக்கு அரை மாக்ஸ் குறைக்கிற மாஸ்ரர் ஒருவர்தான்.

கம்பியர் கோட்டைப் பார்த்தார். என் விரலில் இருந்த வெண்கட்டித் தூளைப் பார்த்தார். மடியில் கிடந்த பின்னலை எடுத்து வரியை முடித்தார்.

"கோகிலா என்ரை ஆள்தான், பிள்ளை. காய்ச்சலிலை கிடக்கேக்கை நான்தான் எழுதச் சொன்னனான்."

"நீங்களோ? ஏனண்ணை இப்பிடி?"

"குளிர் ஊரிலை பஸ்ஸுக்குள்ளை நிண்டுகொண்டுதான் போகவேணும். மேலை கம்பியைப் பிடிக்கேக்கை கை உயரும், சுவெற்றர் இறங்கும், மணிக்கட்டிலை குளிர் ஏறும். நுவரெலியாவிலை நான் பட்டது. பிடிக்கிற கைக்கு நாலங்குலம் கூட வேணும்."

சறோ கண்ணைத் துடைத்தாள். "இவர் மெலிஞ்ச ஆள். நீங்கள் வாயாலை சொன்ன நாப்பத்திரண்டு பெரிசில்லையோ எண்டு அண்டைக்கே யோசிச்சனான்."

"உள்ளுக்கு நாலு சேட்டுப் போடவேணும், பிள்ளை. அதோடை, ஆள் இப்பிடியே இருக்குமே? பின்னுறது போகிறவனுக்கில்லை, அங்கை இருக்கப்போறவனுக்கு."

சறோ சமாதானமாகி முன்னால் நடந்தாள். கம்பியர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னார்: "மாஸ்ரர், இனிமேல் கள்ள விடைக்குக் கோடு போடாதையுங்கோ."

அதுதான் நான் அவரைக் கடைசியாகக் கண்டது.

சறோவும் பிறகு இங்கே, கனடாவுக்கு, வந்து சேர்ந்தாள். இப்போது அவள் கணினியில் ஒரு பின்னல் குழுவில் இருக்கிறாள். அங்கும் எல்லோருக்கும் புனைபெயர்தான். கேள்வி போட்ட ஐந்தாவது நிமிடம் நோர்வேயிலிருந்து ஒருவன் விடை எழுதுகிறான், கூடவே ஒரு சிரித்த முகமும் போடுகிறான். அவனுடைய மார்பளவு என்னவென்று அறியாமல் எனக்கு நித்திரை வருவதில்லை.

சுவெற்றர் இருக்கிறது. நாற்பத்திரண்டு இப்போது கொஞ்சம் இறுக்கம். தைமாதக் குளிரில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், இருக்க இடம் கிடந்தாலும் நான் இருப்பதில்லை. எழும்பி நின்று, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.