காய்க்காத அம்மன் பூ

நாகலாபுரத்துக் கரிசலில் தெய்வம் இறங்கிவிட்டது. இறங்குவதற்கு அதற்கு வள்ளித்தாயின் பருத்திக்காடுதான் கிடைத்தது. கயத்தாற்றிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கடம்பூரிலிருந்து போளியோடு வந்தார்கள். மழை விட்ட மறுநாள், பருத்திச் செடிகளுக்கு நடுவே வெள்ளைக் குடைகளாக விரிந்து நின்றது அம்மன் பூ.

அதற்குப் பூ என்று பெயரிட்டவர் சோலைச் சாமியார். காளானோடு ‘பூத்தது’ என்னும் வினைமுற்றைச் சேர்த்தது அவருடைய முதற்குற்றம். ஒருவரும் திருத்தாதது ஊரின் குற்றம்.

“பருத்திப்பூ மனுசன் விதைச்சது. இதுக்கு விதையுமில்ல, இலையுமில்ல. ஆத்தா காலடி பட்டு வந்தது. பருத்தியைப் பிடுங்கிட்டுக் காட்டை என்கிட்ட ஒப்படைச்சிரு. இந்தப் பூ காய்ச்சு வெடிச்சா உள்ள பொன்னு இருக்கும்” என்றார் சாமியார்.

பருத்தி வெடித்தால்தான் வள்ளித்தாய்க்கு அந்த ஆண்டுச் சோறு. ஆயினும் பிடுங்கக் குனிந்தாள். பக்தி வயிற்றிடம் யோசனை கேட்பதில்லை.

“பொறு தாயி” என்றார் வரப்பில் நின்ற பருத்தி வியாபாரி அப்துல் நாசர். “காய்க்கும்னு சாமியே சொல்லிட்டாவ. காய்க்கட்டும், பிறகு பிடுங்கு.”

“சாமி குத்தமாயிராதா பாய்?”

“பாத்துக்கிட்டு நிக்கிறதுல என்ன குத்தம்? அந்தப் பூவையும் ஒரு பருத்திப்பூவையும் சேத்து முள்ளடைப்போம். யாரும் தொடக் கூடாது. சாமியும்தான்.”

சாமியார் மறுக்க வாய் திறந்தார். பொன்காய் பார்க்கும் அவசரத்தில் கூட்டமே கருவேல முள்ளை வெட்டிவந்து அடைத்துவிட்டது.

ஒரு வாரத்துக்குள் பருத்திப்பூ வெளிர்மஞ்சள் மாறிச் சிவந்தது, பிறகு உதிர்ந்தது, அடியில் பச்சைப் பிஞ்சு நின்றது. அம்மன் பூவோ கறுத்தது, குழைந்தது, நாறியது. புழு நெளிந்தது.

“ஆத்தா கோவிச்சுக்கிட்டா” என்றார் சாமியார். உடனே கருத்தையா என்னும் பக்தர் அந்தக் கறுப்புச் சாற்றைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

அப்துல் நாசர் மண்வெட்டியை நீட்டினார். “பூன்னா வேர் இருக்கும்லா தாயி. தோண்டு.”

வள்ளித்தாய் தோண்டினாள். வேர் இல்லை. பச்சைக்கோடு போட்ட பாதிச் சாக்கு வந்தது. அதற்குள் மக்கிய வைக்கோலும், அதில் ஓடிய காளானின் வெள்ளை நூல்களும் இருந்தன. மீதிப் பாதிச் சாக்கின்மேல் சாமியார் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார்.

“எந்திலே சோலை” என்றாள் வள்ளித்தாய். “ஆத்தா உன் சாக்குக்குள்ளயா காலை வச்சா?”

சாமியார் சாக்கை விட்டுவிட்டு நடந்தார். நடை விரைவிலேயே ஓட்டமாயிற்று.

கருத்தையா நெற்றியைத் துடைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டார்: “அப்ப இந்தப் பருத்திப் பிஞ்சுக்கு ஒரு சூடம் காட்டிருவமா?”

“சூடம் வேண்டாம் அண்ணாச்சி” என்றாள் வள்ளித்தாய். “ வந்தது வந்திய, களை எடுத்துட்டுப் போங்க.”

பருத்திக்கு வெயில் வேண்டும். காளானுக்கு இருட்டும் மக்கலும் போதும். சாமியார்களுக்கும் அவையே போதும். அந்த இருட்டைத் தலைக்குள் வைத்துக்கொண்டு ஊர் ஊராக வேன் பிடிக்கும் பெருமக்களே, ஒருமுறையாவது சாக்கைத் தூக்கிப் பாருங்கள்.