கால்வாசித் தெளிவு

கிராபிக்ஸ்காரர் அந்தத் திங்கட்கிழமை ஒரு தீர்மானம் எடுத்தார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் மனைவியிடம் அவர் சொன்ன எந்தப் பொய்யும் மதியச் சாப்பாடு வரை தாங்கியதில்லை. இந்த ஒன்றையாவது கடைசிவரை காப்பாற்றிவிட வேண்டும்.

டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுக்கு இன்னும் மூன்று மாதம், அதற்குமேல் சொல்வதற்கில்லை என்றிருந்தார். "வீட்ல சொல்லிடாதீங்க சார், தாங்கமாட்டா" என்று இவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். டாக்டரும் உடனே சரி என்றுவிட்டார். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வீடு திரும்பினார்.

அவர் தொழில், கம்ப்யூட்டரில் படங்களையும் எழுத்துகளையும் ஓடவிடுவது. கல்யாணம், கடைத்திறப்பு எல்லாம் வரும். இறந்தவர்களுக்கு நினைவுப்படமும் வரும். அப்படி நாற்பது வீட்டுக்காவது செய்திருப்பார். நடுங்கும் கையோடு வந்து, கிடைத்த போட்டோவை நீட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒன்று தெரியும். அவள் போனபிறகு தன் கையில் மவுஸ் நிற்காது. இப்போதே செய்துவிட வேண்டும்.

ஆனால் வேலை செய்யும் அறை வழியாகத்தான் மாடிக்குத் துணி காயப்போடப் போகவேண்டும். அவள் பின்னால் வந்து நின்றால்?

அதற்கும் வழி இருந்தது. பழைய கம்ப்யூட்டர். படத்தை முழுத் தெளிவில் ஓட்டிப் பார்த்தால் முக்கி முனகி நின்றுவிடும். வேலை நடக்கும்போது தெளிவைக் கால்வாசிக்கு இறக்கிவிட்டால் சரசரவென்று ஓடும். முகம் மட்டும் ஓடு பதித்த தரை மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

இரண்டாம் நாளே அவள் டீயோடு வந்து நின்றாள்.

"யாருங்க அது?"

"கஸ்டமரோட அத்தை."

"அத்தைக்கு மூக்கே இல்லையே."

"கால்வாசியில ஓட்டறேன். முழுசா வச்சா நகராது."

"இறந்துட்டாங்களா?"

"இல்ல. இப்பவோ அப்பவோன்னு இருக்காங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"வீட்ல யாரும் சொல்லல."

"நல்ல வீடு" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் மறுபடி வந்தாள். "பேரு ஏன் இப்படிப் பறந்து வந்து விழுது? கடைத்திறப்பா என்ன? நடந்து வரட்டும்."

மாற்றினார்.

"அந்தப் பூவையெல்லாம் எடுத்துடுங்க. அத்தைக்குத் தும்மல் வரும்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"அத்தைங்கன்னா தும்முவாங்க."

பூவை எடுத்தார். பொய் பத்து நாளாக உயிரோடிருந்தது. அவருடைய சாதனை அது. அந்தப் பெருமையில் இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டார். அவள்தான் சாப்பிடவில்லை. மாடி ஏறுவதையும் நிறுத்தியிருந்தாள். துணி ஜன்னல் கம்பியில் காய்ந்தது.

பதினோராம் நாள் மத்தியானம், அவள் படுத்திருந்தபோது, அதுவரை 'பெயர் இங்கே' என்று விட்டுவைத்திருந்த இடத்தில் அவள் பெயரைத் தட்டினார். முழுத் தெளிவில் படம் தயாராகும்படி ஓடவிட்டார். மூன்று மணி நேரம் பிடித்தது. பிறகு கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்த்தார்.

முகம் வந்தது. அவர் வைத்த படம் அது இல்லை.

அவர் வைத்தது பத்து வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் அவள் சிரித்தது. இது ஸ்டூடியோவில் எடுத்தது. கல்யாணத்துக்குக் கட்டிய அதே நீலப் புடவை. ரவிக்கை தோளில் தொளதொளவென்று கிடந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. நேராக அவரையே பார்த்தாள். அவர் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. எடுத்த தேதியைப் பார்த்தார். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டதற்கு ஒரு வாரம் முன்பு.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. "அத்தை முடிஞ்சாங்களா?"

திறந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்போ மாத்தினே?"

"நீங்க மருந்து வாங்கப் போனப்போ. இத்தனை வருஷமா உங்க போட்டோவையெல்லாம் கம்ப்யூட்டர்ல அடுக்கிவைக்கறது யாரு? பழசை எடுத்துட்டு அதே பேர்ல இதை வச்சேன். பேர் சரியா இருந்தா உங்க கம்ப்யூட்டர் கேள்வி கேக்காது. உங்களை மாதிரிதான். அந்தக் கல்யாணப் படத்துல வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறேன். அதையா நாலு பேர் பாக்கணும்?"

"டாக்டர் உங்கிட்ட..."

"எங்கிட்டதான் முதல்ல சொன்னார். உங்களைத் தனியாக் கூப்பிட்டுப் பக்குவமாச் சொல்லுங்க, தாங்கமாட்டார்னு நான்தான் சொல்லியனுப்பினேன்."

"நீயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணுவீங்க? என் மடியில விழுந்து அழுவீங்க. உங்களைத் தூக்க எனக்குத் தெம்பு ஏது? பொய் சொல்ற மும்முரத்துலயாவது பத்து நாள் ஒழுங்காச் சாப்பிட்டீங்க."

அவர் திரையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றதால் அதுவும் கால்வாசியில்தான் தெரிந்தது.

"ஓட்டுங்க" என்றாள். முழுவதும் பார்த்தாள். "முடியற இடம் சரியில்ல. முகம் சட்டுனு போயிடுது. அதைத் திருத்துங்க."

பழக்கதோஷத்தில் அவர் கை தெளிவை இறக்கப் போனது.

"இறக்காதீங்க. இனிமே முழுசாவே வச்சுப் பாருங்க."

"முழுசா வச்சா ஊரும்மா. ஒரு செகண்டைக் காட்டப் பத்து நிமிஷம் எடுத்துக்கும்."

"எடுத்துக்கட்டும். எனக்கு என்ன அவசரம்?"